ஒருநாள் மாப்பிள்ளை

1

இந்தக் கதை ஒரு தலைவலியில் பிறந்தது. என்னுடையதல்ல, அண்ணியுடையது. அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கென்று செருப்பு செய்யும் கம்பெனியில் அவளுக்குச் சோல் ஒட்டும் வேலை. சாயங்காலம் வந்ததும் நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிடுவாள். பசை வாடையில் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும்.

அதே கம்பெனிதான் என்னைக் கதை கேட்டிருக்கிறது. 'எங்கள் பொறுப்புணர்வு' என்ற பக்கத்துக்காம். "கடல் வரணும், தொழிலாளர் வரணும், மனசைத் தொடணும்" என்றார் விளம்பர அதிகாரி.

தொட்டுவிடலாம்.

2

முதல் தொடக்கம்: 'அலைகள் நமக்குச் சொல்வது என்னவென்றால்...'

அலை ஒன்றும் சொல்லாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'ஒவ்வொரு காலடியிலும் பூமித்தாயின்...'

கை கூசுகிறது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கும் முதல் ஆள் நான். அதற்காக இவ்வளவு தூரம் இறங்க முடியாது.

3

நடந்தது இதுதான். பார்வையிட ஆள் வரும் நாளில் மட்டும் பசைப் பிரிவின் சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மாட்டுவார்கள். மறுநாள் கழற்றிக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். பெண்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை வந்துட்டாருடி, தலையைச் சீவு!"

"ஒருநாளைக்கு மேல தங்க மாட்டாராமே?"

"தங்கினா கரண்டு பில்லு யாரு கட்டுறது, உன் மாமனாரா?"

இந்த முறை மாப்பிள்ளை இழுத்த காற்றில் பசை சீக்கிரம் காய்ந்துவிட்டது. அண்ணியின் கைக்குப் பழகியது காற்றில்லாத அறை. பசை பதமாகட்டும் என்று வழக்கம்போலக் காத்திருந்தே சோலை அழுத்தினாள். அதில் ஒரு ஜோடியை வந்திருந்த பெரிய அதிகாரி ஆசையாகக் காலில் மாட்டிக்கொண்டார். கதவைத் தாண்டுவதற்குள் செருப்பு வாயைப் பிளந்தது.

அவர் போனதும் சூப்பர்வைசர் பாய்ந்தார். "மானம் போச்சு உன்னால!"

"காத்துல பசை காஞ்சிருச்சுங்க."

"அப்ப காத்து வேணாங்கிற?"

"தினமும் இருந்தா கை பழகிடுங்க."

"வாயப் பாரு. கூப்பிடற வரைக்கும் வீட்டுல கிட."

4

(இந்த இடத்தில் அண்ணியை அழவிட்டிருந்தேன். படித்துவிட்டுக் காகிதத்தை என் மேலேயே எறிந்தாள்.

"நான் எங்க தம்பி அழுதேன்? வெளிய வந்து திட்டுனேன்ல, அதை எழுது."

"அதெல்லாம் அச்சுல போட மாட்டாங்க அண்ணி."

"பசை மட்டும் மூக்குல போலாமாக்கும்!")

5

விளம்பர அதிகாரிக்குப் பிடித்த முடிவு: கம்பெனி பெருந்தன்மையோடு அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. அவள் கடற்கரையில் குப்பை பொறுக்கியபடி புகைப்படத்தில் சிரிக்கிறாள்.

எனக்குப் பிடித்த முடிவு: பசைப் பிரிவு முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து...

யாரும் எழவில்லை. அவரவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

இன்றுவரை கூப்பிடவில்லை. அண்ணிக்குத் தலைவலி விட்டுவிட்டது. பசியும் திரும்பிவிட்டது, நல்ல நேரம் பார்த்து.

மாப்பிள்ளை கழன்ற ஓட்டையைச் செருப்புப் பெட்டியின் அட்டையால் அடைத்திருக்கிறார்களாம். அதில் நீல எழுத்தில் கம்பெனியின் வாசகம்: 'கடல் மூச்சு விடட்டும்.' இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நீங்களே அடித்திருப்பீர்கள்.

அண்ணி மறுபடி உள்ளே போகிறாளா, வெளியிலேயே நிற்கிறாளா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எப்படி எழுதினாலும் ஒன்று தீராமல் நிற்கும்: கம்பெனி அந்தச் சுவருக்கு ஒரு ஃபேன் பாக்கி.