தோற்றதை எப்படி எழுதுவது

கேரம் ஃபைனலில் அகல்யா ரெட் காயைப் போட்டுவிட்டாள். அடுத்து ஒரு காயைப் போட்டால் ஆட்டம் அவளுடையது. அந்தக் காய் குழியின் விளிம்பில் போய் நின்றுகொண்டது. ரெட் திரும்ப நடுவுக்கு வந்தது. எதிரில் இருந்த ஸ்டோர்ஸ் பிரிவு மதிவதனி அதைப் போட்டு, கையோடு இன்னொரு காயையும் போட்டு எழுந்துவிட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியின் ஆண்டு விழா கேரம் போட்டி அது. ஃபைனல் வரைக்கும் வருவதும் அங்கே கோட்டை விடுவதும், ப்ரெஸ் மெஷினில் தகடு அடிக்கும் அகல்யாவுக்குப் புதிதில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே திருவேற்காடு வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே போனில் ஹெச்.ஆர். மேடத்தின் மெசேஜ். ஃபைனல் ஆடிய இருவரும் இங்கிலீஷில் ஆளுக்கு ஒரு வரி அனுப்ப வேண்டுமாம். போட்டோவோடு நோட்டீஸ் போர்டில் வருமாம்.

கணவன் தினகரன் டீ போட்டுக்கொண்டிருந்தான். கொரியர் ஆபீஸில் மெயில் எழுதிப் பழகியவன்.

"ஐ லாஸ்ட்னு போடு. முடிஞ்சிச்சி."

"என் பர்ஸு பஸ்ல போனதுக்கும் ஸ்டேஷன்ல அதத்தானே எழுதிக் குடுத்தே? நான் இன்னாத்த தொலைச்சேன்? ஒக்காந்து ஆடுனேன்யா."

"அப்போ ஐ வாஸ் பீட்டன்."

"அடி வாங்கினேன்னா?"

"அடி இல்லடி. அவ ஜெயிச்சிட்டான்னு அர்த்தம்."

"படிக்கறவங்க அப்டியா நெனப்பாங்க?"

"டிஃபீட்டட்?"

"அது எலக்‌ஷன்ல நின்னவங்களுக்கு."

"ஃபெயில்டு?"

"அது பத்தாவதுலயே ஆயிட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சட்டென்று அடங்கியும் போனது. தினகரன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சரி, தமிழ்லயே சொல்லு. இன்னா ஆச்சு?"

"கை நடுங்கிச்சி. அவளுக்கு நடுங்கல."

"இது எப்போலேர்ந்து?"

"மெஷின்லேர்ந்து எழுந்தா கொஞ்ச நேரம் அப்டிதான் கீது. விடு."

அவன் விடவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். விரல்கள் இப்போதும் லேசாக உதறின.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா? ப்ரெஸ் மெஷின வுட்டு வேற எங்க போட்டுருவாங்க?"

"நாயித்துக்கெழம பூந்தமல்லில டாக்டர்கிட்ட காட்டலாம்."

"பாக்கலாம்" என்று டீயைக் குடித்தாள். பிறகு, "மதிவதனி நல்லா ஆடுனாங்கன்னு போட்டு வுட்டுரு" என்றாள். அவன் இங்கிலீஷில் அடித்து அனுப்பினான்.

மறுநாள் போர்டில் அந்த வரி இல்லை. அகல்யாவின் போட்டோவுக்குக் கீழே 'ரன்னர்-அப்' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் வந்து நின்ற மதிவதனி, "அடுத்த வாட்டியும் ஆடுவீங்கல்லக்கா?" என்று கேட்டாள்.

"தெர்ல மதி" என்றாள் அகல்யா. ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது.