ஒரே மஞ்சள் தண்ணீர்

"அம்மா, அந்த மாமாவுக்கும் உனக்கும் வேற வேற வியாதிதானே? அப்புறம் ஏன் ஒரே மஞ்சத் தண்ணி ஏத்துறாங்க?"

மகள் என்றோ கேட்ட கேள்வி தையல்காரியின் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அவளுக்கு மார்பில் புற்றுநோய். பக்கத்து நாற்காலி பஸ் டிரைவருக்கு, உண்ணி கடித்து வந்த லைம் நோய், மூட்டெல்லாம் வலி. வீட்டுக்குக் கிளம்பும்போது ஜாக்கெட் ஜிப்போடு மல்லுக்கட்டுவார். இருவர் தலைக்கு மேலும் தொங்கியது ஒரே மாதிரி மஞ்சள் டிரிப் பைதான்.

பெரிய ஆஸ்பத்திரியில், உடனே கட்டியை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. இந்த மாற்று சிகிச்சை நிலையத்திலோ கையைப் பிடித்துக்கொண்டு, "கத்தி பட்டா பரவிடும்மா" என்றார்கள். இவ்வளவு அன்பாகப் பேசுகிறவர்கள் பொய் சொல்வார்களா? கடவுளிடம் கேட்டாள். அவரும் பிடிகொடுக்கவில்லை. பக்கத்து நாற்காலி டிரைவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினாள்.

ஒருநாள் குளிரில் அவள் நடுங்கினாள். டிரைவர் தன் மடியிலிருந்த ஜாக்கெட்டை எட்டிப் போர்த்திவிட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க தம்பி."

"வலிக்குதுன்னு சொன்னா இங்கதான் காது கொடுத்துக் கேட்டாங்க. அதுக்குத்தான் வர்றேன். குணமாகுதான்னு கேட்டா முழிப்பேன்."

"அப்போ நான்?"

"என்னுது மெதுவா போற வண்டி. உங்களுது பிரேக் இல்லாத வண்டிக்கா. ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த டாக்டர் உங்க மூஞ்சியைப் பார்க்காட்டி என்ன, கட்டியைப் பார்த்தாரில்ல?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

அறுவை சிகிச்சை முடிந்து காயம் ஆறிய பிறகு, அவள் மறுபடி அந்த நிலையத்துக்கு வந்தாள். டிரைவர் மஞ்சள் பையின் கீழ் கண்ணயர்ந்திருந்தார். தன்னைக் காப்பாற்றிய வார்த்தையைக் கடவுள் ஏன் இந்த அறையில் கொண்டுவந்து வைத்தார் என்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஜாக்கெட் கதவருகே கொக்கியில் தொங்கியது. அதை எடுத்துப்போய் ஆளில்லாத நடைக்கூடத்தில் உட்கார்ந்து, ஜிப்பின் பிடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துணி வளையம் ஒன்று தைத்தாள். இழுத்துப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு ஏறியது. ஜாக்கெட் பையில் ஒரு சீட்டு வைத்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கண்டுவைத்திருந்த தொற்றுநோய் டாக்டரின் பெயர். நோயாளி பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொடாதவர்.

ஜாக்கெட்டைப் பழையபடி மாட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கினாள்.