இரண்டு சீட்டு

மூன்றாம் மாடியிலிருக்கும் இதய டாக்டர் என் கணவரை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு நிறுத்தச் சொன்னார். ஐந்தாம் மாடியில் சிறுநீரகக் கல்லுக்குப் பார்ப்பவர் மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாதா?” என்று இருவரிடமும் கேட்டேன்.

“சீட்டு எழுதித் தரேன். அவர்கிட்ட காட்டுங்கம்மா” என்றார்கள் இருவரும்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு முழங்காலிலும் சேர்த்து இடி, லிஃப்ட் ஓடவில்லை. நான்காவது முறை இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தேன். ஐந்தாம் மாடிச் சீட்டில், ‘இதய டாக்டர் சொல்வதுபோல் குடிக்கவும்.’ மூன்றாம் மாடிச் சீட்டில், ‘சிறுநீரக டாக்டர் சொல்வதுபோல் குடிக்கவும்.’

கீழே பெஞ்சில் அவர் திறக்காத பாட்டிலோடு காத்திருந்தார்.

“என்ன முடிவாச்சு? தொண்டை வறண்டுபோச்சு.”

“ரெண்டு லிட்டர் குடிங்க. எந்த டாக்டர் சொன்னார்னு கேட்டா, என் பேரைச் சொல்லுங்க.”