அளக்காத பாதி

மருந்துக் கிடங்கில் அவருக்குக் 'கட்டம்' என்று பெயர். கணிதம் படித்துவிட்டு, வண்டிகளுக்குப் பயணத் திட்டம் போடும் வேலைக்கு வந்தவர். கிடங்கையும் பதின்மூன்று மருத்துவமனைகளையும் பதினான்கு நிரைகள், பதினான்கு நிரல்கள் கொண்ட ஓர் அணியாக எழுதி, எங்கிருந்து எங்கே போக எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தார். வண்டி போக வேண்டிய வரிசையைக் கணினி அதை வைத்துத்தான் சொல்லும். கடினமான சுற்று கிடைத்தால் ஓட்டுநர்கள், "இன்னிக்கு நம்ம கட்டம் சரியில்லப்பா" என்று சிரித்துக்கொள்வார்கள்.

அணியின் மூலைவிட்டம் முழுக்கப் பூச்சியம். ஓர் இடத்திலிருந்து அதே இடத்துக்குப் போக நேரம் எதற்கு? அதற்கு மேலிருந்த தொண்ணூற்றொரு கட்டங்களையும் வண்டியில் போய், கடிகாரம் பார்த்துக் குறித்தார். கீழ்ப்பாதியை அளக்கவில்லை. போகிற நேரம்தானே வருகிற நேரம்? மேலே இருந்ததை அப்படியே கீழே இறக்கி, சமச்சீர் அணி என்று முடித்துவிட்டார். அந்த நாட்களில் வண்டி ஓட்டியவர் அவருடைய அக்காவின் கணவர். திரும்பும் வழியெல்லாம் கட்டம் பின்சீட்டில் தூங்கினார்.

ஆறு மாதம் கழித்து ஒரு புகார் வந்தது. ஒன்பதாம் மருத்துவமனையிலிருந்து நான்காவதற்குப் போகும் குளிர்பெட்டி தினமும் தாமதம். ஓட்டுவது அத்தான். மேலாளர் அம்மா எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டார். கட்டம் அணியைத் திரையில் காட்டினார்.

"நாலுலருந்து ஒன்பதுக்குப் பதினெட்டு நிமிஷம். அப்போ ஒன்பதுலருந்து நாலுக்கும் பதினெட்டுதான். இவருக்கு நாப்பது ஆகுது. மீதி நேரம் எங்க போச்சுன்னு இவரைத்தான் கேக்கணும்."

"அந்த ரோடு வேற, மாப்ள..." என்று அத்தான் தொடங்கினார்.

"கணக்கு பொய் சொல்லாது, அத்தான்."

யாரோ சிரித்தார்கள். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அத்தானைப் பெட்டி ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள். வயது ஐம்பத்திரண்டு. இரண்டு வாரத்தில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். சண்டை போடுவாள் என்று கட்டம் தயாராக இருந்தார். அவளோ, "இடுப்புவலிக்குத் தடவ நல்ல மருந்து எதுடா?" என்று மட்டும் கேட்டாள்.

புதிதாக வந்த ஓட்டுநர் ஒரு பெண். அவளுக்கும் அதே தடத்தில் நாற்பத்தோரு நிமிடம் ஆனது. கட்டம் கூப்பிட்டு விசாரித்ததும், "நீங்களே ஏறி வாங்க சார்" என்றாள்.

போனார். பாலத்தின் அடியில் வண்டியை நிறுத்தி அவள் பலகையைக் காட்டினாள். ஒருவழிப் பாதை. ஒன்பதிலிருந்து வருகிறவர்கள் தண்டவாளத்தைச் சுற்றி, மூன்று சந்தைத் தெருக்களில் ஊர்ந்து வர வேண்டும். கட்டத்துக்குக் காது சுட்டது. அவர் தூங்கத் தூங்க அத்தான் இதே வழியாகத்தான் கூட்டிவந்திருக்கிறார்.

அலுவலகம் திரும்பியதும் யாரும் பார்க்காமல் அந்த ஒரு கட்டத்தை மட்டும் திருத்தினார். பிறகு மேலாளர் அம்மாவிடம் போய், "பாவம், வயசானவரு. சாவியத் திருப்பிக் குடுத்துடலாமே" என்றார்.

"உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றார் அந்த அம்மா.

அந்தச் சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, தொடாமலே மூடினார். மறுநாள் காலை எல்லா ஓட்டுநர்களும் கூடியிருந்தபோது முன்னால் போய் நின்றார்.

"நான் பாதிதான் அளந்தேன். மீதிய அளக்காமலே எழுதினேன். இவர் மேல பழியப் போட்டேன். தப்பு என்னோடது." நேற்றுச் சாவியைக் கேட்டுப் போனபோது உண்மையை மறைத்ததையும் சேர்த்தே சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நான் சொல்ல வந்தேன். ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம்."

கீழ்ப்பாதியை அளக்க ஒரு மாதம் பிடித்தது. அத்தானே ஓட்டினார். கட்டம் முன்சீட்டில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு கட்டங்கள் தவறாக இருந்தன. வழியில் அத்தான் சாலையைப் பற்றி மட்டும் பேசினார். ஒருமுறைகூட 'மாப்ள' என்று கூப்பிடவில்லை; 'சார்' என்றார்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கட்டம் அக்கா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அக்கா, "உள்ள வா, அவர் குளிச்சிட்டிருக்கார்" என்றாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் எழுந்து நின்றுகொண்டார்.