சாவியக்கா வீட்டு ஆணிகள்

எங்கள் ஊரில் ஒரு செய்தி பரவ வேண்டுமானால் முன்பெல்லாம் என் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து இருமினால் போதும். இப்போது அந்த வேலை எனக்கு இல்லை. போனில் ‘நம்ம ஊர் நல்ல ஊர்’ என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். யார் வீட்டுப் பூனையைக் காணோம், எந்தத் தெருவில் கரண்ட் இல்லை, யாருக்கு என்ன ஆபரேஷன், எல்லாம் அதில் வந்துவிடும். பாதி நிஜம், மீதி வாய்க்கு வந்தது. அந்த நல்ல ஊர்க் குழுவில்தான் என் அக்காவைத் திருடி என்றார்கள்.

பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேரே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். பெரிய மனுஷர் இல்லையா, நாசூக்காக எழுதினார். எழுதியவர் பக்கத்து வீட்டு மேனேஜர். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். குழுவுக்கு அட்மினும் அவரே. ‘மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், பணி ஓய்வின்போது எனக்கு அளித்த கைக்கடிகாரத்தைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. சாவி யாரிடம் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. இனி யாரும் சாவியைக் கொடுக்கும் முன் யோசிப்பது நல்லது.’ கடைசியில் கும்பிடுகிற கை வேறு.

சாவி யாரிடம் இருந்தது என்று பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். தெருவில் அக்காவின் பெயரே சாவியக்காதான். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தலையணை உறையும் திரைச்சீலையும் தைப்பவள், எந்நேரமும் வீட்டில் இருப்பாள். அதனால் வெளியூர் போகிறவர்கள் எல்லாம் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மிஷினுக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். தொட்டி மீனுக்குத் தீனி போடுவாள். சிலிண்டர் வந்தால் வாங்கி உள்ளே உருட்டி வைப்பாள். இதற்குக் கூலி, “உங்கள நம்பித்தான் போறோம்க்கா” என்கிற ஒரு வார்த்தை. அதைக் கேட்டால் அவளுக்கு முகம் மலரும். எனக்கு வயிறு எரியும்.

நல்ல மாட்டுக்கு ஒரு அடி, நல்ல மனுஷனுக்கு ஒரு சொல் என்பார்கள். அந்தச் செய்தியை அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே படித்தாள். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நூல் அதற்கப்புறம் ஊசிக்குள் போகவே இல்லை. நான்தான் கோத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் எதிர்வீட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுக்கிறவர். “மாமியார் வர்றாங்கக்கா, கூட ஒரு சாவி தேவைப்படுது” என்றார். அவர் மாமியார் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், அவருக்கென்று ஒரு சாவி ஏற்கெனவே உண்டு. அடுத்து மெக்கானிக் வந்தான். “பூட்டு துருப்பிடிச்சிடுச்சுக்கா, மாத்தப் போறேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். புதுப்பூட்டுக்குப் பழைய சாவி எதற்கு என்று நான் கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடு வந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். காப்பி குடிக்கிறீர்களா என்று அக்கா கேட்டதற்கு ஒருத்தர்கூட உட்காரவில்லை. மூஞ்சிக்கு நேரே திருடி என்று சொல்லியிருந்தால்கூட அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அக்கா ஒவ்வொரு சாவியையும் துணியால் துடைத்துக் கொடுத்தாள். வாரம் முடிவதற்குள் சுவரில் ஆணிகள்தான் மிச்சம்.

“போய் அந்த ஆளை நாலு கேள்வி கேளு. இல்ல, நான் கேக்கறேன்” என்று குதித்தேன்.

“என்னன்னு கேப்ப? எங்கக்கா எடுக்கலன்னா? எடுத்தவளும் அதத்தானே சொல்லுவா.”

அன்று சாயங்காலம் அவள் மிஷினைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். ஆணிகள் அவள் முதுகுக்குப் பின்னால் போயின. அக்காவுக்கு இந்த ஊரில் நிலம் கிடையாது, நகை கிடையாது, புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று, ஒரே பெண்ணும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் ஒரு ஆள் சோபாவில் சாய்ந்தபடி கட்டைவிரலால் அழித்துவிட்டான். எனக்கு ராத்திரியெல்லாம் பல் நறநறத்தது.

ஒரு மாதம் கழித்து மேனேஜரே என் கடைக்கு வந்தார், வீட்டுப் பிளானை ஜெராக்ஸ் எடுக்க. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மனுஷர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். எப்போதும் அரைக்கைதான் போடுவார். சுருட்டி வைத்திருந்த பிளான் கண்ணாடிமேல் நிற்காமல் சுருண்டது. “அந்த ஓரத்தைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க சார்” என்றேன். எட்டிப் பிடித்தார். சட்டைக்கை மேலே ஏறியது. உள்ளே தங்க நிறத்தில் வாட்ச்.

ஒரு காப்பி விழுந்ததும் மிஷினை நிறுத்தினேன். “கெடைச்சிடுச்சா சார்?”

“ஆங்? அது… ஆமாமா. மக வீட்டு பாத்ரூம்ல கழட்டி வெச்சிருக்கேன். மாப்பிள பார்சல்ல அனுப்பினார். நீ ரெண்டு காப்பி போடு.”

“எப்ப சார் அனுப்பினார்?”

“அது ஆச்சு, ரெண்டு மூணு வாரம்.”

“குழுவுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே சார்.”

“போடணும், போடணும். நேரமே கெடைக்கல.”

நேரம் கிடைக்கவில்லையாம். தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போட நேரம் இருந்தது. முழங்கால் வலிக்கு மருந்து சொல்ல நேரம் இருந்தது. அடுத்த தெரு நாய் இரவில் குரைப்பதைப் பற்றி மூன்று பத்தி எழுத நேரம் இருந்தது. காப்பியை எடுத்துப் பார்த்தேன். பிளானின் ஓரத்தில் ஒரு கையும் வாட்சும் கறுப்பு வெள்ளையில் அச்சாக விழுந்திருந்தன. அதை என் மேசைக்குள் போட்டுக்கொண்டு அவருக்கு வேறு எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். “இத இப்பவே குழுவுல போடறேன். ஊரே காறித் துப்பட்டும்!”

அக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியது. “போடாத” என்றாள்.

“உனக்கு சூடு சொரணையே கெடையாதா?”

“இருக்குடி. அதான் சொல்றேன். நீ போட்டா அது சண்டை. ரெண்டு நாள் வேடிக்கை பாத்துட்டு, தங்கச்சி கத்தினா, அவர் மழுப்பினார்னு போயிடுவாங்க. அவர் சொன்னத அவர் வாயாலதான் எடுக்கணும்.”

“அவரா? அது இந்த ஜென்மத்துல நடக்காது.”

நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நடந்தது.

அந்த வாரம் மெயின் குழாயில் ரிப்பேர் என்று தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. மேனேஜரும் அவர் மனைவியும், தலையளவு புதுப்பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, மகள் வீட்டுக்குக் காரில் கிளம்பிப் போயிருந்தார்கள். தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்த மாடிக் குழாயை மூட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஞாயிறு காலை தண்ணீர் வந்தது. அவர் வீட்டு வாசற்கதவுக்கு அடியிலிருந்து படி படியாக இறங்கித் தெருவுக்கும் வந்தது.

தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குப் போனில் படம் பிடித்தார்கள். மெக்கானிக் கடப்பாரையோடு ஓடிவந்தான், வந்தவன் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்போது அக்காவின் போன் அடித்தது. மேனேஜர்தான். எல்லோருக்கும் கேட்கும்படி அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, டீச்சர் இப்பத்தான் சொன்னாங்க. நான் வந்து சேர சாயங்காலம் ஆயிடும். பின்கதவுப் பூட்டை உடைச்சு உள்ள போயி வால்வை மூடிடும்மா. எங்க இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியும்.”

“தெரியும் சார். சமையல்கட்டு தொட்டிக்குக் கீழ.”

“அதேதான். சீக்கிரம் போம்மா.”

“போறேன் சார். பூட்டை உடைக்கச் சொன்னது நீங்கதான்னு குழுவுல எழுதிடுங்க.”

“இப்பவா? அங்க வீடே முழுகுதுன்றாங்க!”

“சாவி வெச்சிருந்ததுக்கே அந்தப் பேரு வந்துது சார். பூட்டை உடைச்சிட்டு நுழைஞ்சா என்ன பேரு வரும்?”

அக்காவின் குரல் உயரவே இல்லை. மேனேஜர் அங்கே என்னவோ முணுமுணுத்தார். கூட்டத்தில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் டிங் என்றது. ‘என் வேண்டுகோளின்படி பக்கத்து வீட்டு அம்மா பூட்டை உடைக்கிறார். ஒத்துழைக்கவும்.’

“படிச்சேன் சார். இன்னொண்ணு பாக்கி இருக்கு.”

“இன்னும் என்னம்மா?”

“வாட்சு.”

தண்ணீர் படியிறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனுக்குள் மேனேஜர் மனைவியின் குரல் வெடித்தது. “எழுதித் தொலைங்களேன்! கீழ் அலமாரியில என் கல்யாண ஆல்பம் இருக்கு! கெடைச்ச அன்னைக்கே சொல்லுங்கன்னேன், கேட்டீங்களா?”

மறுபடி டிங். ‘என் கைக்கடிகாரம் காணாமல் போகவில்லை. மகள் வீட்டில் மறந்து வைத்தவன் நான். சாவி வைத்திருந்தவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. மன்னிக்கவும்.’

எல்லோரும் தலையைக் குனிந்து படித்தார்கள். படித்து முடித்தும் நிமிரவில்லை. அக்கா அத்தனை பேருக்கும் நடுவில் நிற்கிறாள், ஒரு ஆள் அவள் முகத்தைப் பார்த்து ‘தப்புதான்’ என்று சொல்லவில்லை. அதற்குப் பதில் குழுவில் கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழுந்தது. அவளிடமிருந்து சாவியை வாங்கிப்போன அதே விரல்கள். அந்தப் போன்களை எல்லாம் பிடுங்கி அந்தத் தண்ணீரிலேயே போட்டிருப்பேன்.

அக்கா கடப்பாரையை எடுத்தாள். பின்பக்கம் போய் ஓங்கி இரண்டு போட்டாள், பூட்டு தெறித்தது. சற்று நேரத்தில் தண்ணீர் நின்றது. முழங்கால் வரை நனைந்த புடவையோடு வெளியே வந்தாள்.

“ஆல்பத்தை எடுத்து மேசைமேல வெச்சிட்டேன்” என்றாள்.

“அது நனைஞ்சா நனையட்டும்னு விட வேண்டியதுதானே?”

“ஆல்பம் என்னடி பண்ணுச்சு?”

மெக்கானிக் வேறு பூட்டு கொண்டுவந்து மாட்டினான். பழக்கதோஷம், சாவியை அக்காவிடம் நீட்டினான். “அவங்க வர்ற வரைக்கும் நீயே வெச்சிரு” என்றாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டான், வெளியே எடுத்தான், மறுபடியும் போட்டான். கடைசியில் சாயங்காலம் வரை அந்த வாசற்படியிலேயே காவல் உட்கார்ந்திருந்தான்.

மேனேஜர் வந்தார். கார் கதவைச் சாத்தினார், வீட்டுக்குள் போனார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவர் போன கையோடு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தச் செய்திக்கப்புறம் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

“எனக்கு அப்பவே தெரியும்க்கா, நீங்க அப்படிப்பட்டவங்க இல்லன்னு.”

“தெரிஞ்சுதான் சாவிய வாங்கிட்டுப் போனீங்களா?” என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மிஷின் பலகைமேல் வைத்தார். “லீவுக்கு ஊருக்குப் போறோம்க்கா. பழையபடி நீங்களே வெச்சிருங்க. உங்கள நம்பித்தான் போறோம்.”

அந்த வார்த்தைக்கு அக்காவின் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை. எழுந்து போய் எங்கள் வீட்டுச் சாவி ஒன்றை எடுத்துவந்து டீச்சரின் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அதுக்கென்ன டீச்சர், தாராளமா வெச்சிருக்கேன். நீங்க திரும்பி வந்ததும் நானும் இவளும் பொண்ணு பிரசவத்துக்குப் போகணும். வர ஒரு மாசம் ஆகும். செடிக்குத் தண்ணி ஊத்தணும், துணிக்கட்டு வந்தா வாங்கி உள்ள வெக்கணும். உங்க சாவி எங்க வீட்ல இருக்கட்டும், எங்க சாவி உங்க வீட்ல இருக்கட்டும்.”

டீச்சர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க வீட்லயாக்கா?”

“எதிர்வீடுதானே.”

“அதுக்கில்லக்கா… எங்க வீட்டுக்காரர் ஒரு மாதிரி. நாளைக்கு இங்க ஏதாவது ஒண்ணு காணோம்னா எங்களத்தானே சொல்லுவாங்க?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளுத்துப்போயிற்று.

“ஆமா டீச்சர்,” என்றாள் அக்கா. “அப்படித்தான் சொல்லுவாங்க.”

டீச்சர் எழுந்தார். பலகைமேல் இரண்டு சாவிகள் கிடந்தன. தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

நான் குறடு எடுத்துவந்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். கோபத்தில் ஒவ்வொரு ஆணியோடும் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. அக்கா தடுக்கவில்லை. கடைசி ஆணிக்கு வந்தபோது மட்டும் என் கையைப் பிடித்தாள்.

“அத விட்டு வை. நம்ம சாவிய மாட்டணும்.”