புள்ளியாக வந்த பழனியாண்டி

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், பச்சைத் தேயிலை கிலோ நாலரை ரூபாய்க்கு இறங்கிய வாரத்தில், இறந்து எட்டு மாதமான பழனியாண்டி கம்ப்யூட்டரிலிருந்து வீடு திரும்பினான். கூடலூருக்கு மேலே நாகமரம் எஸ்டேட்டில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேயிலை இந்த விலைக்கு வந்ததைத்தான் நம்ப முடியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் இந்துமதியால் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பெண். விலை இன்னும் விழுந்தால் யார் மலையை விட்டு இறங்குவார்கள், யார் தங்குவார்கள் என்று பார்க்க, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து ஜனங்களை ஆளுக்கொரு புள்ளியாகக் கம்ப்யூட்டருக்குள் குடிவைத்தாள். புள்ளிகள் வேலைக்குப் போகும், அரிசி வாங்கும், சண்டை போடும். ஒரு நிமிஷத்தில் ஒரு வருஷம் ஓடிவிடும். எத்தனை தடவை ஓட்டினாலும் மூன்றாம் வருஷம் லயம் காலியானது. புள்ளிகளுக்கான படிவத்தோடு, வீட்டில் எத்தனை பேர் என்று அவள் முதலில் கேட்டு வந்தபோது, இன்னமும் இரண்டு பேருக்கே உலை வைத்துக்கொண்டிருந்த மருதாயி, பழக்க தோஷத்தில் "ரெண்டு பேருங்க" என்று சொல்லி, செத்த புருஷன் பேரையும் கொடுத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் பழனியாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

பாவம், படிவத்தில் இருந்தது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஆறு மணிக்கு எழுவான், மூட்டை சுமப்பான், சாப்பிடுவான், தூங்குவான். மருதாயிக்கு அதுவே போதும். எட்டு மாதம் சுவரோடு பேசியவள் அவள்.

ஐப்பசியில் இந்துமதி தன் புள்ளிகளை எஸ்டேட் பேர்ப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு ஆள் அதிகம். மருதாயியிடம் வந்து, "அக்கா, செத்தவர வெச்சுக்கிட்டுப் பாத்தா எல்லாமே பொய்யாப் போயிருங்க. அழிச்சே ஆகணும்" என்றாள்.

"ஒருக்கா பொதைச்சாச்சும்மா. இன்னொருக்கா என்னால ஏலாது."

இந்துமதிக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அழித்தாள். சரிவில் பழனியாண்டி சுமந்து வந்த கொழுந்து மூட்டை ஆளில்லாமல் பாதையில் விழுந்தது.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து பறிப்பவள் ஒருத்திக்கு உடம்புக்கு முடியாவிட்டால், பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கொரு கைப்பிடி அவள் கூடையில் போடுவார்கள். நிறுக்கும்போது அவளுக்கும் முழு நாள் வேலை பதிவாகிவிடும். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ராக்கம்மா தலைமையில் லயத்தின் மற்ற முப்பத்தொன்பது வீட்டுப் பெண்களும் இந்துமதியின் அறைக்குப் போனார்கள். "எழுதிக்கங்க. எங்கூட்டுக்காரரு இருமல்ல ஒரு கைப்பிடி" என்றாள் ராக்கம்மா. இன்னொருத்தி புருஷனின் விசிலில் கொஞ்சம் கொடுத்தாள். அம்புரோஸ் பெண்டாட்டி அவன் கோபத்தை முழுசாகவே தரத் தயாராக இருந்தாள். கைப்பிடி போதும் தாயே என்று மற்றவர்கள் தடுத்தார்கள். உயிரோடு இருப்பவர்களின் சரக்கு என்பதால் இந்துமதியால் பொய் என்று தள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் பழனியாண்டி என்ற ஒரே பேரில் போட்டு ஓட்டினாள். அதைப் பார்த்து ஒன்றுக்கொன்று கைப்பிடி கொடுக்கக் கற்றுக்கொண்ட புள்ளிகள் மூன்றாம் வருஷமும் மலையிலேயே இருந்தன.

அன்று சாயங்காலம் பழனியாண்டி இருமிக்கொண்டே வந்தான். தட்டில் கை வைத்தவன், "என்ன புள்ள, கொழம்புல உப்பே இல்ல?" என்று எரிந்து விழுந்தான். மருதாயி அழுதாள், சிரித்தாள், "வந்ததும் வராததுமா குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டாரு" என்று வாயாரத் திட்டிக்கொண்டே எழுந்து போய் உப்பு எடுத்து வந்தாள்.