நூற்றுப் பதினேழில் ஒன்று

நூலகத்தில் அவளை எல்லோரும் நம்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகத்தின் பேரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பாள். அட்டையின் பின்பக்கம் இருக்கும் பதின்மூன்று இலக்க எண்ணைச் சொன்னால், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். புதிதாக வரும் புத்தகத்தைக் கணினிப் பட்டியலில் ஏற்றி, பொருள் தலைப்பு கொடுத்து, முதுகில் எண் ஒட்டுவது பதினான்கு வருடமாக அவள் வேலை. எண்ணும் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. மாடிக்கு ஏறினால் படி எண்ணுவாள்.

அன்று காலை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்து மூன்று நூலகங்கள் ஒன்று சேர்ந்து, தங்கள் வாசகர்கள் எழுதும் விமர்சனங்கள், போடும் நட்சத்திரங்கள், ஒட்டும் குறிச்சொற்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பகிர்ந்துகொண்டிருந்தன. எங்கோ ஒருவர் ஒரு புத்தகத்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டால், அதே புத்தகம் இருக்கும் எல்லா நூலகப் பட்டியலிலும் அது தெரியும். நாமும் சேரலாம் என்று இரண்டு வருடம் மேலதிகாரியின் அறைக்கு நடையாய் நடந்தவள் நம்பரக்கா. ஒன்பது மணிக்கு இணைப்பு வந்தது.

பட்டியலுக்கு உயிர் வந்துவிட்டது. நேற்று வரை தலைப்பு, ஆசிரியர், பக்கங்கள் என்று உம்மென்று உட்கார்ந்திருந்த பதிவுகளுக்குக் கீழே இப்போது ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "முதல் ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு புத்தகம் உங்களை விடாது." "பரீட்சைக்கு முந்தின நாள் எடுக்காதீர்கள், நான் எடுத்தேன்." ஒரு துப்பறியும் நாவலுக்கு யாரோ 'நாய்க்கு ஒன்றும் ஆகாது' என்று குறிச்சொல் போட்டிருந்தார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பதினான்கு வருடத்தில் அவள் கொடுத்த எந்தப் பொருள் தலைப்பும் ஒரு வாசகருக்கு இவ்வளவு உபயோகமாக இருந்திருக்காது.

அந்தக் குஷியில், ஒரு நப்பாசையோடு, நாத்தனாரின் புத்தகத்தையும் தேடிப் பார்த்தாள்.

நாத்தனார் அவள் கணவனின் அக்கா. அதே வீட்டின் மாடியில் தனியாக இருப்பவள், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் 'இரண்டாவது கியர்' என்று ஒரு நாவல் எழுதி, சின்னப் பதிப்பகம் ஒன்றில் கொண்டுவந்தாள். ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவள் ஒரு வரி எழுதவில்லை. கேட்டால், "யாருமில்லாத வண்டிக்கு எதுக்கு ஹாரன்?" என்பாள். நூலகப் பிரதி இத்தனை வருடத்தில் நான்கே முறைதான் வெளியே போயிருந்தது. அதிலும் மூன்று முறை எடுத்தது நம்பரக்கா. நீண்ட நாள் யாரும் தொடாத புத்தகத்தைக் கழித்துவிடும் விதி நூலகத்தில் உண்டு. அதற்குப் பயந்து தன் உறுப்பினர் அட்டையில் பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போவாள், இரண்டு வாரம் கழித்துத் திருப்பி வைத்துவிடுவாள். படித்தாளா என்று இப்போது கேட்காதீர்கள்.

திரையில் 4.7 நட்சத்திரம். நூற்றுப் பதினேழு விமர்சனங்கள்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "என் வாழ்க்கையையே மாற்றிய புத்தகம்." "கணவர் முதலில் கிண்டல் செய்தார், இப்போது அவர்தான் விடாமல் படிக்கிறார்." "எளிமையான நடை, ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை." குறிச்சொற்கள்: பொறுமை, மனநிறைவு, மொட்டைமாடி. மொட்டைமாடி இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறதே என்று அவளுக்குப் புல்லரித்தது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் மூன்று முறை சரிபார்ப்பவள், அன்று எதையும் சரிபார்க்காமல் போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"வண்டியில. பல் டாக்டரம்மா வளைவுல திருப்பிட்டு இருக்காங்க. சீக்கிரம் சொல்லு."

"உங்க புத்தகத்துக்கு நூத்துப் பதினேழு பேர் விமர்சனம் எழுதியிருக்காங்க."

மறுமுனையில் கிறீச்சென்று சத்தம். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும்.

"யாரு எழுதியிருக்கா?"

"யார் யாரோ. நமக்கு முன்னப்பின்ன தெரியாதவங்க."

"தெரியாதவங்களா," என்றாள் நாத்தனார். "இரு, வர்றேன். டாக்டரம்மா, நேரா விடுங்க. நூலகத்துக்கு."

அவள் வருவதற்குள் இன்னும் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கி வைக்கலாம் என்று நம்பரக்கா திரையைக் கீழே நகர்த்திப் படித்துக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது விமர்சனம்: "தக்காளி மூன்றாம் மாதம் காய்த்தது. ஆசிரியருக்கு நன்றி." சரி, யாரோ கவித்துவமாகச் சொல்கிறார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். பதின்மூன்றாவது: "கத்திரியில் புழு வந்தால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்லியிருக்கலாம்."

அலமாரிக்கு ஓடிப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, பின்பக்கத்து எண்ணை எல்லா நூலகங்களுக்குமான பொதுப் பட்டியலில் தட்டினாள். ஒரே எண்ணுக்கு இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று 'இரண்டாவது கியர்'. இன்னொன்று 'மொட்டைமாடியில் ஒரு மூட்டை மண்'. இரண்டும் ஒரே பதிப்பகம். முன்னால் போட்ட புத்தகத்தின் பின்னட்டையைப் புண்ணியவான் எவரோ எண்ணோடு சேர்த்து அப்படியே நகலெடுத்திருக்கிறார். விமர்சனங்களை எண்ணை வைத்து மட்டும் பொருத்துங்கள், தலைப்பை நம்பாதீர்கள் என்று இணைப்புக்கான படிவத்தில் எழுதிக் கொடுத்தது யார்? சாட்சாத் நம்பரக்கா. "பேரு ஏமாத்தும், நம்பர் ஏமாத்தாது" என்று மேலதிகாரியிடம் அடித்துப் பேசியதும் அவள்தான்.

ஒரு நிமிடம் அவள் மனது தப்பான வழியில் போனது. தோட்டப் புத்தகம் இந்த நூலகத்தில் இல்லை. தக்காளி, கத்திரியை மட்டும் மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அண்ணி திரும்ப எழுத உட்காருவாள். எழுதும்போது அண்ணியின் முகத்தில் இருந்த களையைப் பார்த்து ஒன்பது வருடமாயிற்று. மறைக்கும் பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்த விரல் வரவில்லை.

நாத்தனார் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். பின்னாலேயே பல் மருத்துவர், கார் சாவியைக் கையில் பிடித்தபடி, "எழுத்தாளர்கிட்டயா இத்தனை நாளா திட்டு வாங்கினேன்?" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"எங்கே, காட்டு," என்றாள் நாத்தனார். முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"அண்ணி, உட்காருங்க. தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான்." நம்பரக்கா நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எண், பின்னட்டை, தக்காளி, மறைக்க நினைத்தது வரை.

நாத்தனாரின் முகம் சுருங்கிப் போனதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. பல் மருத்துவர் பக்கத்து அலமாரியை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்ப அத்தனையும் கத்திரிக்காய்க்கா?" என்றாள் நாத்தனார் கடைசியில்.

"தெரியல. இன்னும் முழுசாப் பார்க்கல. ஒவ்வொண்ணாப் பிரிச்சு அந்தப் புத்தகத்துக்கு மாத்தணும்."

"பிரி. நானும் பார்க்கிறேன்."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நம்பரக்கா படித்தாள், நாத்தனார் தீர்ப்பு சொன்னாள். வெண்டை, தள்ளு. மண்புழு, தள்ளு. "வாழ்க்கையையே மாற்றிய புத்தகம்" என்றவர் அடுத்த வரியில் கீரையைப் பற்றி எழுதியிருந்தார், அதையும் தள்ளு. இருபதைத் தாண்டியபோது நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பதில் மருத்துவரும் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எண்பது போயிற்று. தொண்ணூறு போயிற்று. ஒன்றாவது இருக்கட்டும் என்று நம்பரக்கா உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நூற்று ஆறாவது விமர்சனத்துக்கு மூன்று நட்சத்திரம்தான். அவள் வழக்கம்போலப் படிக்க ஆரம்பித்தாள்.

"கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்ணின் கதை."

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "படி, படி."

"நடுவில் கொஞ்சம் இழுவை. முடிவு அவசரம். ஆனால் தம்பி மனைவியாக வருகிறவளை மறக்க முடியவில்லை. எப்போதும் படி எண்ணிக்கொண்டே ஏறுகிறவள், ஒருநாள் பதினோராவது படியில் எண்ணுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் நாத்தனாருக்குப் போன் செய்தேன். நான்கு வருடமாக நாங்கள் பேசாமல் இருந்தோம்." கீழே ஒரே ஒரு குறிச்சொல்: 'நாத்தனாரோடு பேச வைக்கும்'.

"ஐயோ, பேசிட்டாங்களா," என்றாள் நாத்தனார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "என் புத்தகத்தைப் படிச்சுட்டு ஒருத்தி எழுந்து போன் பண்ணியிருக்கா. முடிவு அவசரம்னு சரியாத்தான் பிடிச்சிருக்கா. அந்த மாசம் லைசென்ஸ் டெஸ்ட் நிறைய இருந்துச்சு, முடிவை வேகமா ஓட்டிவிட்டுட்டேன். இந்தத் தடவை அப்படி விடமாட்டேன்."

"இந்தத் தடவையா?" என்றார் பல் மருத்துவர்.

"ஆமா. இன்னைக்கே உட்காரப் போறேன்."

நம்பரக்காவுக்கு அது காதில் விழுந்ததே தவிர, மனது பதினோராவது படியில் நின்றுவிட்டது. கல்யாணமான முதல் வருடம், ஒரு மத்தியானம். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"அண்ணி," என்றாள்.

நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று முறை அந்தப் புத்தகம் வீட்டு அலமாரிக்கு வந்து போனது அவளுக்கும் தெரியும்.

"உண்மையைச் சொல்லு. எத்தனாம் பக்கம் வரைக்கும் படிச்ச?"

"முப்பத்தொண்ணு."

"அதானே பார்த்தேன். நீ நாப்பதுலதான் வர்ற."

மருத்துவர் சாவியைக் குலுக்கினார், பன்னிரண்டு மணிக்கு ஒரு பல் பிடுங்க வேண்டுமாம். நாத்தனார் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வளைவுல கிளட்சை மறக்காதீங்க" என்று அதட்டியபடியே அவரோடு வெளியே போனாள். நம்பரக்கா மிச்சமிருந்த பதினொன்றையும் தோட்டத்துக்கு அனுப்பினாள். 'இரண்டாவது கியர்' பதிவில் ஒரு விமர்சனம், மூன்று நட்சத்திரம், ஒரு குறிச்சொல் மட்டும் நின்றன. புத்தகத்தைத் தன் அட்டையில் நான்காவது முறையாகப் பதிந்துகொண்டு, மேசையிலேயே முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தாள்.